நான் கழுவிய நான்கு கதவுகள்

ரானுயி என்ற புறநகரில் நாங்கள் இருக்கும் வீட்டின் பின்பாதி நான் கட்டியது. முன்பாதி வாங்கும்போதே இருந்தது என்று சொல்வார்கள். இருந்தது உண்மை, நின்றதா என்று கேளுங்கள். அடியில் தாங்கிய கட்டைகள் உக்கிப்போய், வரவேற்பறையில் ஒரு பந்தை வைத்தால் அது தானாக உருண்டு சமையல் குசினிக்குப் போகும். ஜாக்கி வைத்துத் தூக்கி, வயிற்றால் ஊர்ந்து, ஒவ்வொரு கட்டையாக நானே மாற்றினேன். மவுண்ட் ரோஸ்கில்லில் தமிழர் குடியிருக்கும் தெருக்களில், நான் போட்ட குசினி இல்லாத தெரு ஒன்றை யாரும் எனக்குக் காட்டமுடியாது. எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் பூசை நடக்கும் பீடம் நான் செய்தது. தமிழ் விழாக்களுக்குப் போடுகிற மேடை, மடித்தால் ஒரு ட்ரெய்லருக்குள் அடங்குவது, அதுவும் நான் செய்தது. இத்தனை வருஷமாக அதன்மேல் நின்று ஒலிபெருக்கிக்காரருக்கும் சாப்பாடு தந்தவர்களுக்கும் நன்றி சொல்கிறார்கள். காலுக்குக் கீழே இருப்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

இவ்வளவையும் செய்தவன் மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கே வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். முதல் முதலாளி மில்லிமீட்டர் போட்ட அளவுநாடாவைக் கையில் தந்தார். நான் அதுவரை அங்குலத்தில் வேலை செய்தவன். விளங்கவில்லை என்று சொன்னால் அனுப்பிவிடுவார் என்ற பயத்தில், ஒரு கிழமை முழுக்க நாடாவைப் பார்க்காமல் குச்சி ஒன்றை வெட்டி, அதில் கோடு போட்டே அளந்தேன். ஒரு பலகையில்கூட அளவு தவறவில்லை. ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு உடைந்த வருஷம், இடது கையால் வாள் பிடிக்கப் பழகினேன். கூரையும் சுவரும் போட உரிமப் பத்திரம் கேட்கிற நாடு இது. அலுமாரிக்குக் கேட்பதில்லை. அதனால் அலுமாரிக்காரன் ஆனேன், சொந்தக் கராஜில், யாருக்கும் கீழே நிற்காமல்.

இதையெல்லாம் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று தொடங்குகிறவர்களை நான் நம்புவதில்லை.

ஆனால் எழுத உட்கார்ந்தது வேறொரு வேலையைப் பற்றி. ஒரு காலைப்பொழுதில் செய்து முடித்த வேலை. அது இப்போது நகர மையத்தில், ஒரு கல்லூரியின் சுவரோரம் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் உள்ள அட்டையில், செய்தவர் என்று வேறொருவரைச் சொல்லியிருக்கிறது.

அந்தக் கல்லூரியில் என் கடைசி மகள் சித்திரம் படிக்கிறாள். ரானுயி ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போய் வருவாள். மூத்தவர்கள் இருவரும் உத்தியோகத்துக்குப் போய்விட்டதால் இவளுக்கு வீட்டில் கொஞ்சம் இடம் கிடைத்தது. ஆனாலும் என் மனைவி கணக்காகத்தான் பேசினாள். மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். எதையும் எழுதி ஒப்பம் வாங்கிப் பழகியவள்.

"மூண்டு வருசம் படி. அந்தக் கழகத்தில உன்னை எடுத்தால் நாலாம் வருசமும் படி. எடுக்காட்டி, ஆசிரியர் படிப்புக்கு மாறவேணும். பிறகு அழுறேல்லை. சரியோ?"

"டீல்," என்றாள் மகள், கையை நீட்டி.

கழகம் என்றது, அந்தக் கல்லூரியில் கலை மாணவர்களுக்கென்று இருக்கும் ஒரு கௌரவக் கழகம். அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆசிரியை தன் நாட்டு வழக்கத்தைக் கொண்டுவந்து தொடங்கினாராம். மூன்றாம் வருஷத்தில் படிப்பவர்களில் நாலைந்து பேரைத்தான் எடுப்பார்கள். பரீட்சைப் புள்ளி மட்டும் போதாது. ஒரு வேலையைக் கொண்டுவந்து வைத்து, அதற்குப் பக்கத்தில் நின்று, முன்னர் எடுபட்ட மாணவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். எடுபட்டால் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்ன வெள்ளிப் பொத்தான் தருவார்கள். அதைவிட, மேல்மாடியில் நல்ல வெளிச்சம் விழும் ஒரு வேலையிடமும் அதன் சாவியும் ஒரு வருஷத்துக்குக் கிடைக்கும்.

கேள்விகள் ஆளுக்கு ஆள் மாறும். கடைசிக் கேள்வி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்: இந்த வேலையில் யாருடைய கைகள் பட்டிருக்கின்றன? ஏணி பிடித்தவர், ஆணி தந்தவர், எல்லாரையும் சொல்லவேண்டும். உதவி வாங்குவது குற்றமில்லை. மறைப்பதுதான் குற்றம். மறைத்தது தெரியவந்தால் கழகம் மறுபடி கூடி, கொடுத்த இடத்தைத் திரும்ப எடுக்கவும் எடுக்கும்.

இதை மகள் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது நான் மேசையில் ஓங்கித் தட்டினேன். "இது கேள்வி! இதைத்தான் நான் இவ்வளவு காலமும் எல்லாரிட்டையும் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

"தெரியும் அப்பா," என்றாள் அவள். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பழைய குசினிகளைக் கழற்றிவிட்டுப் புதிது போடுவதே இப்போது என் தொழிலில் பெரும்பகுதி. கழற்றுவதில் பல, ஒரு காலத்தில் நானே போட்டவை. அவை பழுதாகிப் போனதால் கழற்றுவதில்லை. வீட்டுக்காரருக்கு இப்போது வேறு நிறம் வேண்டும், அவ்வளவுதான். லீவு நாட்களில் சாமான் இறக்க மகள் என்னோடு வருவாள். ஒருநாள், "கதவுகளை எறியவேண்டாம் அப்பா, எனக்கு வேணும்," என்றாள். பலகைக்காகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். என் கதவுப் பலகை நல்ல பலகை. ஐந்து வீடுகளிலிருந்து பன்னிரண்டு கதவுகளைத் தெரிந்தெடுத்தாள், எல்லாம் வெள்ளைப் பெயின்ட் அடித்தவை. அவற்றைக் கம்பளியில் சுற்றிக் கராஜின் ஒரு மூலையில் நிறுத்திவைத்தாள். ஒரு வருஷம் அப்படியே நின்றன. இடைக்கிடை போய்க் கம்பளியை விலக்கிப் பார்ப்பாள், படம் எடுப்பாள், திரும்ப மூடுவாள். உளி வைக்கவில்லை, தூரிகை வைக்கவில்லை. எப்போதுதான் வேலையைத் தொடங்கப் போகிறாள் என்று எனக்குள் ஒரு பதற்றம் இருந்தது.

கழகத்துக்கு வேலை காட்டும் நாள் ஒரு சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு, பின்தட்டு திறந்த என் யூட் வண்டியில் ஏற்றுவதாக ஏற்பாடு. நான் விடிந்ததும் எழும்பிக் கராஜுக்குப் போனேன். கம்பளியை விலக்கினேன்.

என் கதவுகள்தான். விளிம்பில் நான் போட்ட பென்சில் குறி அப்படியே இருந்தது. ஒன்றுகூட வளையவில்லை. ஆனால் முகப்பைப் பார்த்தால் வெட்கக்கேடு. கைப்பிடியைச் சுற்றி மஞ்சளும் எண்ணெயும் பிடித்த கறை, அடுப்புக்கு மேலே இருந்த கதவில் புகையும் பிசுக்கும். ஆளுயரக் கதவு ஒன்றில் கைப்பிடிக்கு நன்றாக மேலே, யாரோ அழுக்குக் கையை ஊன்றி ஊன்றி வைத்ததுபோல் ஒரு பெரிய பழுப்பு அடையாளம். இதைப் பேராசிரியர்களுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் கதவு செய்தவனைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஒரு குசினியை ஒப்படைக்கும் நாளில், ஒரு விரலடையாளம் மிச்சமில்லாமல் துடைத்த பிறகுதான் நான் வீட்டுக்காரரை உள்ளே விடுவேன். தொழிலில் எனக்கு நானே போட்ட சட்டம் அது. பிள்ளைக்கு நேரம் கிடைக்கவில்லை, தகப்பன் செய்து கொடுப்போம் என்று நினைத்தேன். வாளியில் சுடுதண்ணீர் எடுத்து, பெயின்ட் அடிக்க முன்னர் சுவர் கழுவும் தூளைக் கரைத்து, தேய்க்கத் தொடங்கினேன். போகாத இடத்தில் மெல்லிய உப்புத்தாளால் உரசினேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

நாலாவது கதவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகள் தேநீர்க் கோப்பையோடு வந்தாள்.

"அப்பா, ஸ்டாப்."

"முடியப்போகுது பிள்ளை. இன்னும் எட்டுத்தான்."

"ஸ்டாப் அப்பா!"

கோப்பையை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. வந்து கழுவிய கதவுகளுக்கு முன்னால் சீமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் துணியைப் பிழிந்துகொண்டு நின்றேன்.

"பார், எப்பிடி வந்திருக்கெண்டு. புதுசு மாதிரி."

"அது ஊத்தை இல்லை அப்பா. கை. ஆக்களின்ர கை. அதைத்தான் நான்..." அதோடு அவளுக்குத் தமிழ் முடிந்தது. மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னாள். நான் விளங்கிக்கொண்டது இவ்வளவு. ஒரு வீட்டில் மனிதர் நாளுக்கு எத்தனை தடவை ஒரு கதவைத் திறந்து மூடுகிறார்கள், எந்த உயரத்தில் தொடுகிறார்கள், யார் தொடுகிறார்கள், அது யாரும் வரையாமல் தானாக வரையப்பட்ட படம். அதில் தான் ஒரு கோடும் சேர்க்கக்கூடாது என்று வைத்திருந்தாள். அப்படியே கொண்டுபோய் நிறுத்துவதுதான் அவளுடைய வேலை.

எனக்குக் கோபம் வந்தது. பிழை செய்தவனுக்கு வருகிற கோபம். "அப்ப நீ என்னத்தைச் செய்தனி? கதவு நான் செய்தது. ஊத்தை அந்தந்த வீட்டாக்கள் செய்தது. உன்ர வேலை எங்க இருக்கு இதில?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பாத்தன் அப்பா. நீங்கள் ஒருத்தரும் பாக்காததை நான் பாத்தன்."

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். நான்கு வெள்ளைக் கதவுகளையும் எட்டுப் பழுப்புக் கதவுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, கேக்காமல் ஏன் தொட்டனீங்கள்?"

"என்ர கதவைத் தொடுறதுக்கு நான் ஆரிட்டக் கேக்கவேணும்?"

"அவளிட்ட," என்றாள் மனைவி.

மகள் எழும்பிப் போய், உயரத்தில் கையடையாளம் இருந்த கதவைத் தொட்டாள். இப்போது அது பால்போல் இருந்தது. மவுண்ட் ரோஸ்கில்லில் ஓர் அம்மாவின் வீட்டிலிருந்து வந்த கதவு அது. தமிழ்நாட்டுக்காரர். கணவர் நீண்டகாலம் நோயாக இருந்து இறந்துபோனார். தேநீர்க் கேத்தில் கொதிக்கும்வரை நிற்க ஏலாமல் அவர் தினமும் அந்தக் கதவில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு நிற்பாராம். பிள்ளைகள் வற்புறுத்தித்தான் அந்த அம்மா குசினியை மாற்றினார். நான் வெளியே ட்ரெய்லரில் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது, என் மகளிடம் அந்தக் கதவை ஒப்படைத்து, எங்கே வைக்கிறாயோ அங்கே வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இதெல்லாம் அன்று காலை மகள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"எண்ணெயும் மஞ்சளும் தடவிப் பழையபடி ஆக்கித் தாறன்," என்றேன். "எனக்கு ஒரு மணித்தியாலம் தா. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது."

மனம் வைத்துத்தான் சொன்னேன். என்னால் முடியும். மகள் அழுகையும் சிரிப்புமாக, "அப்பா, ப்ளீஸ். இனி ஒண்டும் செய்யாதேங்கோ," என்றாள்.

ஒன்பது மணிக்குப் பன்னிரண்டையும் ஏற்றினோம். எட்டை மட்டும் கொண்டுபோகலாம் என்று மனைவி சொன்னாள். மகள் கேட்கவில்லை.

கல்லூரி மண்டபத்தில் குடும்பத்தார் சுவரோரம் இருக்கலாம், வாய் திறக்கக்கூடாது. நான் கோவிலுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். கேள்வி கேட்பதற்குக் கழகத்தின் தலைவி நின்றாள். தலைமயிரை ஒட்ட வெட்டிய ஒரு மாணவி, சப்பாத்தெல்லாம் பெயின்ட். அமெரிக்க ஆசிரியை நரைத்த கூந்தலோடு ஒரு பக்கமாக இருந்தார், அவர் பேசுவதில்லை. மகளுக்கு முன்னால் ஒருத்தி களிமண்ணில் ஏதோ உயரமாகச் செய்து கொண்டுவந்திருந்தாள். கடைசிக் கேள்விக்கு அவள், "அம்மா, சூளைக்குப் பொறுப்பானவர், பிறகு பஸ் ட்ரைவர்," என்றாள். "நான் இதை மடியில் வைத்திருந்ததால் அவர் எல்லா ரவுண்டபவுட்டையும் மெதுவாகச் சுற்றினார்." எல்லாரும் சிரித்தார்கள், ட்ரைவரையும் எழுதிக்கொண்டார்கள். பஸ் ஓட்டியவனைக்கூட எழுதுகிற ஓர் இடத்துக்கு நான் இதற்குமுன் போனதேயில்லை.

நான் கழுவிய கதவுகளை மகள் ஒரு பக்கமாக ஒதுக்கவில்லை. கறைபட்டவற்றுக்கு நடுவே, அந்தந்த வீட்டுக் கதவு அந்தந்த வீட்டோடு நிற்கும்படி வைத்திருந்தாள். தூரத்திலிருந்து பார்க்க, பல் விழுந்த வாய்போல் இருந்தது. அவள் பேசியதில் பாதி விளங்கியது. கடைசிக் கேள்வியும் வந்தது.

கதவுகளைச் செய்தவர் என் அப்பா, என்றாள். கறைகளைச் செய்தவர்கள் ஐந்து குடும்பங்கள். நான்கைக் கழுவியது நான், என்று தன்னையே காட்டினாள்.

கழுவியது நான் என்று ஆங்கிலத்தில் சொன்னால் விளங்காத அளவுக்கு நான் படிக்காதவன் இல்லை.

ஏன் கழுவினாய் என்று தலைவி கேட்டாள். எங்கள் வீடுகளில் கறையைக் கண்டால் கழுவிவிடுவார்கள், கழுவும்போது என்ன போய்விடுகிறது என்று பார்க்க, என்று மகள் சொன்னாள். ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த இடத்தில் நான் எழும்பியிருக்கவேண்டும். வாய் திறக்கக்கூடாதென்பது இவர்களின் சட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முழங்காலில் கையை வைத்தபடி இருந்தேன். வேறு எந்தச் சட்டத்துக்கு நான் இவ்வளவு பணிவாக இருந்திருக்கிறேன்? பயந்தேன், அதுதான் உண்மை. உண்மையைச் சொன்னால் பிள்ளையின் இடம் போய்விடும் என்று பயந்தேன். இவ்வளவு படித்தவர்களுக்கு முன்னால், அடையாளம் தெரியாமல் எல்லாவற்றையும் துடைத்து அழித்த ஒரு தகப்பனாக நிற்கவும் பயந்தேன்.

அவளை எடுத்தார்கள். வெள்ளிப் பொத்தானைக் குத்தினார்கள். ஆசிரியை என்னிடம் வந்து, அழகான கதவுகள் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் செய்த ஒன்றை ஒருவர் தேடிவந்து பாராட்டுவதை எத்தனை வருஷமாக எதிர்பார்த்திருந்தேன். கையை விட்டால் போதும் என்றிருந்தது.

திரும்பி வரும்போது வடமேற்கு நெடுஞ்சாலையோரம் கடல் வற்றி, இரண்டு பக்கமும் சேறும் கண்டல் மரங்களுமாகக் கிடந்தது. மனைவி முன்னரே ரயிலில் வேலைக்குப் போய்விட்டாள். யூட்டில் நானும் மகளும் மட்டும்.

"ஏன் அப்பிடிச் சொன்னனி?"

"எப்பிடி?"

"நீ கழுவினதெண்டு."

"நீங்கள் எண்டு சொல்லியிருந்தால் அது உங்கட கதையாப் போயிருக்கும் அப்பா. வீட்டில எல்லாம் உங்கட கதைதான். படி உங்கட கதை, மேசை உங்கட கதை. அம்மான்ர அலுமாரியும் உங்கட கதை. இது ஒண்டாவது எனக்கு இருக்கட்டும் எண்டு நினைச்சன்."

நான் வேகத்தைக் குறைத்தேன்.

"மற்றது," என்றாள், ஜன்னல் பக்கம் திரும்பி, "அங்க எல்லாரும் சிரிச்சிருப்பினம். உங்களைப் பாத்து."

"சிரிச்சால் சிரிக்கட்டும்."

"எனக்கு ஏலாது அப்பா."

இரண்டு காரணத்தில் எது பெரியது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அவள் அப்படிப்பட்ட பிள்ளை.

இரண்டு கிழமை கழித்து, எடுபட்டவர்களின் வேலைகளைக் கீழ்மண்டபத்தில் எல்லாரும் பார்க்க வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் அட்டை. கடைசிக் கேள்விக்குச் சொன்ன பதிலை அப்படியே அச்சடித்து ஒட்டுவது கழகத்தின் வழக்கம். எழுத்துக் கூட்டி வாசித்தேன். கதவுகள்: கலைஞரின் தந்தை. கறைகள்: ஐந்து குடும்பங்கள். நான்கு கதவுகளைக் கழுவியவர்: கலைஞர்.

பின்னேரம் அந்த மவுண்ட் ரோஸ்கில் அம்மா வந்தார். சேலைக்கு மேலே தடித்த ஜாக்கெட், கையில் பஸ் கார்டு. ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு போனவர், குக்கர் விழுந்து கீழ்மூலை பெயர்ந்திருந்த கதவுக்கு முன்னால் நின்றார். மேலே பார்த்தார். கையடையாளம் இருந்த உயரத்தைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"இதுதானேம்மா எங்களோடது?"

"ஓம் ஆன்ட்டி," என்றாள் மகள்.

அவர் அட்டையைக் குனிந்து வாசித்தார். "கழுவிட்டியாம்மா."

"சாரி ஆன்ட்டி." மகளின் குரல் எழும்பவில்லை. "போட்டோ எடுத்து வச்சிருக்கிறன். அனுப்பிறன்."

"போட்டோ வேணாம்மா. அவரு போட்டோ வீட்டுல நிறைய இருக்கு." அவர் மகளின் தோளைத் தட்டினார். "பரவால்ல. படிப்புக்குத்தானே செஞ்சே. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்."

என் மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் செய்ததற்கு அவள் மன்னிப்புக் கேட்டதை நான் நாலு அடி தூரத்தில் நின்று கேட்டேன்.

அந்த அம்மா வெளியே போனதும் பின்னால் போனேன். பஸ் தரிப்பில் பிடித்தேன்.

"அம்மா, ஒரு விசயம். அதைக் கழுவினது நான்."

"நீங்களா?"

"ஓம். பிள்ளைக்குத் தெரியாது. அவள் எழும்ப முதல் கழுவிப்போட்டன். அது கையெண்டு எனக்குத் தெரியாது. ஊத்தையெண்டு நினைச்சிட்டன்."

அவர் கையிலிருந்த பஸ் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லது என்றும் இருந்தது.

"நானே ரெண்டு மூணு தடவ துணிய எடுத்துட்டுப் போயிருக்கேன், அவரு இருக்கறப்ப," என்றார். "கிச்சன் இப்படி இருக்கே, யாராவது வந்தா என்ன நெனப்பாங்கன்னு. 'விடுடி, நாளைக்கு நானே தொடைச்சிடறேன்'னு சொல்வாரு. சோம்பேறி." சிரித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப அங்க ஏன் அந்தப் பொண்ணு கழுவினான்னு போட்டிருக்கு?"

நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன்.

"அத மாத்துங்கண்ணே. சின்னப் பொண்ணு, எங்கிட்ட சாரி கேட்டுச்சு. நானும் மன்னிச்சுட்டு வந்துட்டேன். தப்பான ஆள மன்னிச்சிருக்கேன் பாருங்க."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் நான் கவனித்த சில விஷயங்கள். வெள்ளிப் பொத்தான் மகளின் சட்டையில் இல்லை. குசினி இழுப்பறைக்குள் ரப்பர் வளையங்களோடும் எழுதாத பேனைகளோடும் கிடந்தது. மேல்மாடி வேலையிடத்தின் சாவி கிடைத்தும் அவள் அங்கே போகவில்லை. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் பத்திரிகை விரித்து வரைந்துகொண்டிருந்தாள். கேட்டால் ரயில் பிந்துது என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மூன்று பேரும் சாப்பிடும்போது, பஸ் தரிப்பில் நடந்ததைச் சொன்னேன். மகள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"ஆன்ட்டி என்ன சொன்னவ?"

"தப்பான ஆளை மன்னிச்சிட்டாவாம்."

மனைவி என்னைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். "உண்மையைச் சொன்னால் உன்ர இடம் போகுமோ?"

"கழகம் மறுபடி கூடிப் பேசும். போகலாம். போகாமலும் இருக்கலாம்."

"போனால்?"

"டீல் டீல்தானே அம்மா. ஆசிரியர் படிப்பு." சொல்லும்போது முகத்தை இறுக்கிக்கொண்டாள், ஆனால் குரல் பல நாளைக்குப் பிறகு நேராக இருந்தது. "அந்தக் கேள்வியாலதான் நான் அந்தக் கழகத்துக்கே ஆசைப்பட்டனான். அதுக்கே பொய் சொல்லிப்போட்டு அந்தச் சாவியால எப்பிடித் திறக்கிறது?"

"நான் வந்து சொல்லுறன்," என்றேன்.

"வேண்டாம் அப்பா. நீங்கள் வந்தால் மேடை செய்ததிலயிருந்து தொடங்குவீங்கள்." மனைவி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வலித்தாலும். "எழுதுங்கோ. தமிழில எழுதுங்கோ, நான் இங்கிலீசில மாத்தித் தாறன். ஒரு சொல்லும் கூட்டமாட்டன், குறைக்கமாட்டன். என்ர பிழையை நான் தனியா எழுதிறன்."

அவள் தன் கடிதத்தை அன்றே எழுதிவிட்டாள். அவள் ஏன் பொய் சொன்னாள் என்பது அவளுடைய பங்கு. அதில் நான் கை வைக்கமாட்டேன். என் கடிதத்துக்கு நாலு நாள் எடுத்தது. ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு அதுவே விரைவு. கழகம் கூடி என்ன முடிவு எடுக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த மண்டபத்துக்குப் போன தமிழர்கள் பலர் அட்டையை வாசித்திருக்கிறார்கள், அவர்களும் அறியவேண்டும் என்பதற்காகக் கடிதத்தில் நான் கேட்டதை இங்கேயும் எழுதுகிறேன்.

நான் உங்கள் கழகத்திடம் இரக்கம் கேட்கவில்லை. பிள்ளையின் இடத்தைப் பற்றி நீங்கள் முடிவெடுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அந்த அட்டையில் என் வேலை இன்னொருவர் பேரில் இருக்கிறது. அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கதவு செய்தவன் என்று என்னைப் போட்டது போதாது. நான்கு கதவுகளைக் கழுவியவர் கலைஞரின் தந்தை என்று மாற்றுங்கள். அவளைக் கேட்காமல் என்றும் போடுங்கள். அழுக்கென்று நினைத்து என்றும் போடுங்கள். இடம் போதாது என்று இதில் ஒரு சொல்லை விட்டாலும் நான் திரும்ப வருவேன். அந்தக் கைகளைக் கண்டது அவள். அழித்தது நான். அதை என் பேரில் எழுதுங்கள்.